சாயத்துக்கு அடியில் இருக்கும் வேலை

நிபோங் திபாலிலிருந்து எந்தப் பக்கம் போனாலும், ஜாவி வழியாகப் போனாலும் சுங்கை பாக்காப் வழியாகப் போனாலும், கிரியான் ஆற்றைத் தாண்டிப் பாரிட் புந்தார் போனாலும், சாலையோரத்தில் 'கெத்தோக், சாட்' என்று பலகை போட்ட பட்டறைகளைப் பார்க்கலாம். தட்டி நிமிர்த்திச் சாயம் அடிக்கும் இடங்கள். நசுங்கிப்போன கார் உள்ளே போகும்; சில நாளில் முகம் பார்க்கும் பளபளப்போடு வெளியே வரும். இந்தப் பட்டறைகளில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்பே பள்ளியை விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

புதிதாகச் சேரும் பையனின் கையில் முதலில் என்ன கொடுப்பார்கள் தெரியுமா? கிரைண்டரையோ, உப்புத்தாளையோ. "அந்த ஓரத்தையெல்லாம் தேய்ச்சு வை தம்பி, அண்ணன் வந்து வெல்டிங் வைப்பாரு" என்பார்கள். தேய்ப்பது எடுபிடி வேலை, வெல்டிங் வைப்பது கைகாரன் வேலை என்பது அங்கே எழுதாத சட்டம். எனக்கு இந்தப் பாகுபாட்டில் உடன்பாடு இல்லை. புதிய தகட்டைக் காரின் உடலோடு பற்றவைக்கும் வேலையில், வெல்டிங் வைக்கும் கணத்தைவிட அதற்கு முந்தைய அரை மணி நேரமே தரத்தைத் தீர்மானிக்கிறது. அந்த அரை மணி நேரத்தை, ஏன் தேய்க்கிறோம் என்றே சொல்லித்தரப்படாத ஒருவனிடம் நாம் விட்டுவைத்திருக்கிறோம்.

ஒரு காரின் உடல் ஒரே இரும்பு அல்ல. பல நூறு தகடுகளைச் சேர்த்துக் கட்டியது அது. தொழிற்சாலையில் அவற்றைப் பெரும்பாலும் 'ஸ்பாட் வெல்டிங்' என்ற புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கிறார்கள். ஒரு சாதாரணக் காரில் இப்படி 3,000 முதல் 5,000 புள்ளிகள் வரை இருக்கும். எலிஹு தாம்சன் என்ற அமெரிக்கர் 1880களில் உருவாக்கிய முறை இது. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் செம்பு முனைகளால் இறுக்கிப் பிடித்து, கண்ணிமைக்கும் நேரத்துக்கு மிகப் பெரிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். தகடுகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இரும்பு உருகி, ஒரு பொத்தான் அளவுக்கு ஒன்றாகிவிடும். கம்பி வேண்டாம், வாயு வேண்டாம், தீச்சுடரும் வேண்டாம்.

ஐந்தாம் படிவ இயற்பியலில் மின்சாரப் பாடம் படித்தவர்களுக்கு இதன் கணக்கு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையாலும் நேரத்தாலும் பெருக்கினால் வருவது. 8,000 அம்பியர், 0.0001 ஓம், 0.2 வினாடி என்று எடுத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள், 1,280 ஜூல் வரும். ஒரு 60 வாட் விளக்கு 21 வினாடி எரிந்தால் செலவாகும் ஆற்றல். அவ்வளவும் ஐந்து மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு புள்ளியில், ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் இறங்குகிறது. இரும்பு உருகாமல் என்ன செய்யும்?

இப்போது அந்தத் தகடுகளின் நடுவே சாயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரின் சாயம் மொத்தமாகவே 0.1 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் அளவுதான், தலைமுடியின் தடிமனோடு ஒப்பிடலாம். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது. முழுதாக மூடியிருந்தால் மின்னோட்டம் போகவே போகாது. இயந்திரம் ஓசை கொடுக்கும், ஒன்றும் நடக்காது. இது ஆபத்தில்லாத தோல்வி, ஏனென்றால் உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது அரைகுறையாகத் தேய்த்த இடம். அங்கங்கே ஊசிமுனை அளவுக்கு வெறும் இரும்பு தெரியும். மின்னோட்டம் முழுவதும் அந்த ஊசிமுனைகள் வழியாகவே பாயும். தீப்பொறி பறக்கும், தகட்டில் ஓட்டை விழும், அல்லது மேலே அழகான வட்டத் தழும்பு தெரிய, உள்ளே கருகிய சாயத்தின் மேல் இரண்டு தகடும் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாது. மேலே பிரைமர், புட்டி, சாயம், வார்னிஷ் எல்லாம் ஏறிவிட்டால் கடவுளுக்குத்தான் தெரியும்.

இளையோர் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு தகடு என்றால் சுத்தம் செய்ய வேண்டிய முகங்கள் இரண்டல்ல, நான்கு. செம்பு முனை தொடும் வெளிப்பக்கங்கள் இரண்டு. தகடும் தகடும் முத்தமிடும் உட்பக்கங்கள் இரண்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டு, உட்பக்கத்தில் தொழிற்சாலையே பூசி அனுப்பிய கறுப்புப் பூச்சை அப்படியே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. புதிதாக வாங்கும் தகடுகளில் அந்தப் பூச்சு மெல்லியதாக, இரும்பின் நிறம்போலவே இருப்பதால் ஏமாற்றிவிடும். பல சிறு பட்டறைகளில் இரட்டை முனை ஸ்பாட் இயந்திரம் கிடையாது. ஒரு தகட்டில் துளை போட்டு 'மிக்' வெல்டிங்கால் அந்தத் துளையை நிரப்புவார்கள். அதற்கும் இதே விதிதான். பள்ளத்தை இழுத்து நிமிர்த்த வளையம் ஒட்டுகிறோமே, அந்தச் சின்ன இயந்திரத்துக்கும் இதே விதிதான். அதன் எர்த் கவ்வியைச் சாயத்தின் மேல் மாட்டிவிட்டு 'மெஷின் சரியில்லை' என்று திட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்படித் தேய்ப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. முதலில் துடைக்க வேண்டும், பிறகே தேய்க்க வேண்டும். மெழுகும் எண்ணெயும் பாலிஷும் ஏறியிருக்கும் சாயத்தின் மேல் நேரே டிஸ்க்கை வைத்தால், அந்த அழுக்கு சூட்டில் இளகி இரும்பின் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மெழுகு நீக்கியை ஒரு துணியில் நனைத்துத் தடவி, அது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் தடவித் துடைப்பது அழுக்கை இடம் மாற்றுவதுதான். தேய்த்து முடித்த பிறகு இதையே மறுபடியும் செய்ய வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு அகலம். பற்றவைக்கப்போகும் ஓர மடிப்பின் அகலம் மட்டும் போதும். நாடா ஒட்டி எல்லை குறித்துக்கொண்டு அதற்குள் நிற்பது கைகாரன் லட்சணம். ஆர்வக்கோளாறில் ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்தால், பிறகு அவ்வளவு இடத்துக்கும் துருக்காப்பை நாமே திரும்பக் கட்ட வேண்டும். தொழிற்சாலையில் முழு உடலையும் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் படியவைத்த அடிப்பூச்சு அது. அதற்கு ஈடான ஒன்றைப் பட்டறையில் ஸ்பிரே டப்பாவால் கொண்டுவர முடியாது. எடுக்காமல் விட்டதே லாபம்.

அதன் பிறகு கருவி. கல் டிஸ்க் போட்ட கிரைண்டர் வேகமாகச் சாயத்தை எடுக்கும். அதே வேகத்தில் இரும்பையும் எடுக்கும். இன்றையக் காரின் வெளித் தகடு பல இடங்களில் 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். அதில் 0.2 போய்விட்டால் கால்பங்கு பலம் போயிற்று. நைலான் நாரில் செய்த, கறுப்பாகவோ ஊதாவாகவோ வரும் சாயம் உரிக்கும் டிஸ்க் இருக்கிறது. மெதுவாக வேலை செய்யும், விலையும் கொஞ்சம் கூடுதல். ஆனால் இரும்பைத் தின்னாது. அதைவிட முக்கியம், இரும்பின் மேல் இருக்கும் துத்தநாகத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும்.

துத்தநாகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வேதியியல் பாடத்தில், இரும்பைவிடத் துத்தநாகம் வினைபுரியும் ஆர்வம் கூடியது, ஆகவே அது தன்னை இழந்து இரும்பைக் காக்கும் என்று படித்திருப்பீர்கள். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண். ஆனால் கடலுக்குப் பக்கத்தில், ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசும் நம் ஊரில் ஒரு காரின் ஆயுள் அந்த இரண்டு மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. அந்தத் துத்தநாகமே பற்றவைப்பவனுக்குத் தொல்லையும் கொடுக்கும். அது 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும்; இரும்பு உருகுவதற்கோ 1,500 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பிவிடும். கொஞ்சம் செம்பு முனையிலும் ஒட்டி அதைப் பித்தளையாக்கும். அதனால்தான் முனையை அடிக்கடி சீவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. முனை மழுங்கி அகலமானால் அதே மின்னோட்டம் அகலமான இடத்தில் பரவி, எங்கும் போதிய சூடு கிடைக்காமல் போகும்.

உட்பக்கங்களைத் தேய்த்த பிறகு வெறும் இரும்பாக விட்டால், நடுவில் ஈரம் ஊறி அங்கிருந்தே துரு கிளம்பும். வெல்டிங் முடிந்தபின் அந்த இடுக்குக்குள் எதையும் பூச முடியாது. இதற்காகத்தான் துத்தநாகத் தூள் கலந்த, மின்சாரத்தைக் கடத்தும் தனிவகைப் பிரைமர் இருக்கிறது. அதை உள்முகங்களில் மட்டும், மெல்லியதாக, டப்பாவை நன்றாகக் குலுக்கி அடித்து, காயவிட்டுப் பற்றவைக்க வேண்டும். தடியாக அடித்தால் அதுவே தடையாகிவிடும். சில கார் நிறுவனங்கள் இதைக் கட்டாயம் என்கின்றன, சில வேண்டாம் என்கின்றன. அந்தந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் இறுதி. கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று ஒதுங்கும் தம்பிகளுக்கு: படங்களே பாதிக்கு மேல் பேசும், எண்களுக்கு மொழி கிடையாது. தொழிற்சாலை 10 புள்ளி வைத்த இடத்தில் பட்டறை இயந்திரத்தால் 13 புள்ளி வை என்று பல கையேடுகள் சொல்கின்றன, ஏனென்றால் நம் இயந்திரம் தொழிற்சாலையின் ரோபோ அளவுக்கு அழுத்தமோ மின்னோட்டமோ தராது. புள்ளிகளை நெருக்கி நெருக்கி வைத்தாலும் தவறுதான். பக்கத்தில் ஏற்கெனவே உள்ள புள்ளி வழியாக மின்னோட்டம் திருடப்பட்டுவிடும்.

நேரமும் ஒரு கருவிதான். மாலையில் உரித்து வைத்துவிட்டு மறுநாள் காலை பற்றவைக்கலாம் என்று போனால், நம் ஊர் ஈரத்தில் விடிவதற்குள் மஞ்சள் படிந்திருக்கும். உரித்த அன்றே பற்றவைத்துவிட வேண்டும்.

தீச்சுடரால் சாயத்தைப் பொசுக்கி எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வேகமான வழி, மறுக்கவில்லை. ஆனால் இன்றையக் கார்களின் தூண்களிலும் வாசற்படிகளிலும் உயர்பலத் தகடுகள் இருக்கின்றன. 2012-இல் வந்த புரோட்டோன் பிரேவேயிலேயே சூடாக அழுத்தி வார்த்த தகடுகளைப் பெருமையாக விளம்பரம் செய்தார்கள். அப்படிப்பட்ட தகட்டின் பலம் அதைச் சூடாக்கிக் குளிரவைத்த விதத்தில் இருக்கிறது. மறுபடி சுடரைக் காட்டினால் அந்தப் பலம் போய்விடும். வடிவம் மட்டும் மிஞ்சும்.

சுடர் இன்னொன்றையும் செய்கிறது. இருகலவைச் சாயம் கருகும்போது ஐசோசயனேட் என்ற நச்சு வெளியாகிறது. ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சிழுக்கும். கிரைண்டரால் உரித்தாலும் சாயத் தூள் நெஞ்சுக்குள்தான் போகிறது. மிகப் பழைய வண்டிகளின் சாயத்தில் ஈயமும் இருக்கலாம். துத்தநாகப் புகையை இழுத்தவனுக்கு அன்று சாயங்காலமே குளிர்காய்ச்சல் வரும், மறுநாள் போய்விடும். மலேரியாவோ என்று பயந்து கிளினிக் ஓடியவர்களும் உண்டு. "பால் குடிச்சா சரியாப் போயிடும்" என்பது பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது, இரண்டும் சந்திப்பதில்லை. துணி முகக்கவசமும் புகையைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய முகக்கவசமும் கண்ணாடியும் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, ஏறத்தாழ எல்லா வேலையிடங்களையும் அதன் கீழ்க் கொண்டுவந்துவிட்டது. ஐந்து பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறையிலும் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும். இதைக் கேட்கும் தம்பி அதிகப்பிரசங்கி அல்ல.

இவ்வளவு நுணுக்கம் தேவையா, கார் ஓடினால் போதாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆலங்கட்டி மழையில் கூரை பள்ளம் விழுந்த 2010-ஆம் ஆண்டு ஹோண்டா ஃபிட் கார் ஒன்றுக்கு ஒரு பட்டறை கூரைத் தகட்டை மாற்றியது. நம் நாட்டில் ஹோண்டா ஜாஸ் என்று ஓடுகிறதே, அதே கார். கூரையை ஸ்பாட் வெல்டிங்கால் இணைக்க வேண்டும் என்பது கையேட்டின் முறை. பட்டறையோ பசையால் ஒட்டியது. பசை போட்டால் சாயம் உரிக்கும் வேலையும் துருக்காப்பு வேலையும் மிச்சம். சாயம் அடித்த பிறகு யாருக்கும் தெரியவில்லை. பின்னர் ஒரு தம்பதி அந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்கினார்கள். கூரை மாற்றப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது. 2013 டிசம்பரில் எதிரே வந்த வண்டியோடு மோதியதில் காரின் உடல் தாங்க வேண்டிய விதத்தில் தாங்கவில்லை என்பது வழக்கின் சாரம். இருவரும் படுகாயம் அடைந்தார்கள், கணவருக்குத் தீக்காயமும் ஏற்பட்டது. 2017-இல் ஜூரி 42 மில்லியன் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்து, அதில் பெரும்பங்கான 31.5 மில்லியனைப் பட்டறையின் தலையில் சுமத்தியது.

பசையே கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. பசையையும் ஸ்பாட்டையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லும் கார்களும் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது வேறு. பழுது பார்த்தவர், பழுது பார்க்கப் பணம் கொடுத்தவர், அந்தக் காரில் அடிபட்டவர் மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நம் நாட்டில் பழைய கார் கைமாறும் வேகத்தையும், 'ஹாஃப்கட்' கடைகளில் பாதி உடலை வாங்கிப் பொருத்தும் பழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் பட்டறையில் இன்று முன்பக்கம் மாற்றப்படும் மைவியை மூன்று ஆண்டு கழித்து உங்கள் அக்காவே செகண்ட்ஹேண்டாக வாங்கலாம். பெயர் மாற்றத்துக்கு முந்தைய சோதனையில் சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் சரிபார்ப்பார்கள். சாயத்துக்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

முதலாளிகளின் பக்கத்தையும் கேட்க வேண்டும். "காப்புறுதிக் கம்பெனி இத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கூலி கொடுக்குது. நாலு முகத்தையும் நார் டிஸ்க்ல தேய்ச்சுக்கிட்டிருந்தா எனக்கு என்ன மிஞ்சும்?" இது நியாயமான கேள்வி. காப்புறுதிச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளுக்காவது ஒரு கட்டமைப்பு இருக்கிறது. ரொக்கத்துக்கு வேலை செய்யும் சின்னப் பட்டறை, பக்கத்துப் பட்டறை சொல்லும் விலையோடு மல்லுக்கட்ட வேண்டும். வாடிக்கையாளரும் சாயத்தின் பளபளப்பைத்தான் பார்த்துக் காசு கொடுக்கிறார். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். ஆகவே அதைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும் என்பது என் யோசனை. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் படிப்பு. 'படிப்பு ஏறாதவன் பட்டறைக்குப் போகட்டும்' என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. மேலே சொன்னதில் ஜூல் விதி இருக்கிறது, உலோகங்களின் வினைத்திறன் வரிசை இருக்கிறது, உலோகக்கலவை இருக்கிறது. இவை ஏறாதவனை இந்த வேலைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சஸ் வரை போக வேண்டியதில்லை. மறுபக்கம், பள்ளியில் இயற்பியல் பிடிக்காமல் ஒதுங்கிய பையன், முனை மழுங்கினால் ஏன் வெல்டிங் பிடிக்கவில்லை என்று ஒருநாள் புரிந்துகொண்டபின் அந்தப் பாடத்தையே தேடிப் படிப்பதும் நடக்கிறது. பாடம் வாழ்க்கைக்கு வந்து சேர்வதற்கு வழி ஒன்றுதான் என்று யார் சொன்னது?

கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் கொண்டுவரப்பட்ட வட்டாரம் இது. கலிடோனியா, பைராம் என்ற பெயர்கள் இங்குள்ள முதியவர்களுக்கு வெறும் பெயர்கள் அல்ல. வெட்டிய மரத்துக்கும் சேகரித்த பாலுக்கும் கூலி வாங்கிய தலைமுறைக்குச் சான்றிதழ் கேட்கத் தோன்றியிருக்காது. பேரப்பிள்ளைகளுக்கு அந்த நிலை இல்லை. தான் ஸ்ரீ என்.டி.எஸ். ஆறுமுகம் பிள்ளையின் பெயர் தாங்கிய அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் நிபோங் திபாலிலேயே நிற்கிறது. ஒரு தமிழரின் பெயரில் இருக்கும் அந்த வாசலுக்குள், வெளியே இருந்து பெருமைப்படுபவர்களைவிடக் குறைவானவர்களே விண்ணப்பத்தோடு நுழைகிறார்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அங்கே என்னென்ன பயிற்சிகள் நடக்கின்றன, எப்போது சேர்க்கை என்று நேரில் போய்க் கேளுங்கள். போக ஒரு மோட்டார் சைக்கிளும் கொஞ்ச நேரமும் போதும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு தேசிய திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., முதல் மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. 2005-இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறையில் பெரும்பகுதி நேரம் வேலையிடத்திலேயே கற்கலாம், மீதி நேரம் வகுப்பில். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், தாங்கள் செய்த வேலைக்கான சான்றுகளைத் திரட்டிக் கொடுத்து, 'பி.பி.தி.' என்ற முன்திறன் அங்கீகார முறையில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பதினைந்து வருடம் தட்டி நிமிர்த்திய அண்ணன்மார் பலரிடம் கை நிறையத் தொழில் இருக்கிறது. காட்ட ஒரு காகிதம் இல்லை. "காகிதத்தை வச்சு என்ன பண்றது, கைதான் பேசும்" என்பார்கள். கை பேசும், ஆனால் அந்தப் பேச்சைப் பட்டறை வாசலுக்கு வெளியே யாரும் கேட்பதில்லை. வங்கியில் கடன் கேட்கும்போதும், சிங்கப்பூரில் வேலை கேட்கும்போதும், சொந்தப் பட்டறைக்குக் காப்புறுதி அங்கீகாரம் கேட்கும்போதும் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது என் யோசனை. தகடு மாற்றும் ஒவ்வொரு காருக்கும், சாயம் ஏறும் முன் படம் எடுங்கள். பழைய தகட்டை எடுத்தபின் ஒன்று. நான்கு முகமும் வெறும் இரும்பாக, நாடா எல்லைக்குள், உரித்து நிற்கும்போது ஒன்று. துத்தநாகப் பிரைமர் அடித்தபின் ஒன்று. புள்ளிகள் வைத்து முடித்தபின் எண்ணிக்கை தெரிய ஒன்று. கடைசியாக, இடுக்கை அடைத்து உட்குழியில் மெழுகு அடித்தபின் ஒன்று. எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது, இதற்கு மொத்தம் ஐந்து நிமிடம் ஆகாது. எடுப்பவன் தேய்த்த தம்பியாகவே இருக்கட்டும். அண்ணன் வெல்டிங்கைத் தொடங்கும் முன் அந்த இரண்டாவது படத்தைப் பார்த்துச் சரி சொல்லட்டும்.

அந்தப் படங்கள் மூன்று இடத்தில் உதவும். வாடிக்கையாளரிடம் காட்டி, இந்த வேலைக்குத்தான் இந்தக் கூலி என்று சொல்லலாம்; பக்கத்துப் பட்டறையால் அதைக் காட்ட முடியாவிட்டால் விலைப்பேச்சே மாறிவிடும். பின்னாளில் ஏதாவது தகராறு வந்தால் பட்டறைக்கு அதுவே சாட்சி. தம்பிக்கோ, தேதியோடு சேர்த்துவைத்த இந்தப் படங்கள் நாளை முன்திறன் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும்போது திரட்ட வேண்டிய சான்றுகளில் பாதி. தேய்ப்பவன் பெயரில் ஒரு கோப்பு உருவாகிறது என்று தெரிந்தால் அவன் தேய்க்கும் விதமே வேறாக இருக்கும். இதை நான் மனித சுபாவத்தை நம்பிச் சொல்கிறேன்.

வாடிக்கையாளர்களும் கேட்கப் பழக வேண்டும். "எப்ப முடியும், சாயம் கலர் ஒத்துப்போகுமா" என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளாமல், "தகடு மாத்தினீங்களே அண்ணே, வெல்டிங் வைக்கிறதுக்கு முந்தின படம் இருக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் இந்தக் கேள்வியில் சந்தோஷப்படுவார். ஒருநாள்கூட யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பட்டறை முதலாளிகளுக்கு ஒரு சிறிய வேண்டுகோள். காரில் புள்ளி வைக்கும் முன், கழற்றிப்போட்ட பழைய தகட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, புதுத் தகட்டை உரித்ததுபோலவே உரித்து, அதே அளவுகளில் ஒரு புள்ளி வைத்து, குறடால் பிடித்து உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி நல்ல புள்ளியானால் அது விடாது. ஒரு துண்டில் ஓட்டையும் மற்றதில் பொத்தானும் மிஞ்சும். இரண்டும் வழுவழுப்பாகப் பிரிந்துவந்தால் காரில் கைவைக்க வேண்டாம், மறுபடி தேய்க்க வேண்டும். அந்தத் துண்டுகளை உரிப்பது சேர்ந்து ஒரு மாதமே ஆன தம்பியாக இருக்கட்டும். உரித்த இரண்டையும் ஓர் உறையில் போட்டு, தேதியும் வண்டி எண்ணும் எழுதி, காரின் சாவியோடு சேர்த்து வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். குப்பைக்குப் போகவேண்டிய தகடுதானே, அதற்கு ஒரு காசு செலவில்லை.